அப்பாவின் பழைய பையில் ஒரு தோட்டா: விமான நிலைய வழக்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

நான் வழக்கறிஞராக நடத்திய ஒரு வழக்கின் பதிவு இது. குடும்பத்தாரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். யாரென்று தெரியாமலிருக்க ஊர், விமான நிலையம், தேதிகள் ஆகியவற்றை விட்டிருக்கிறேன். ராணுவத் தோட்டாக்களைப் பற்றி நம்மிடையே உலவும் தவறான நம்பிக்கைகள் இந்த வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கே வந்தன. அவற்றில் ஒன்று கட்சிக்காரருக்கு எதிரான சாட்சியாகவே மாறியது. அதனால்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

பின்னணி

நீலகிரியைச் சேர்ந்த குடும்பம். தந்தை 1960களின் தொடக்கத்தில் தரைப்படையில் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் காலாட்படையின் கையிலிருந்தது த்ரீ நாட் த்ரீ எனப்படும் 303 துப்பாக்கி. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். 1962 சீனப் போரில் நம் வீரர்கள் பெரும்பாலும் அதை வைத்துத்தான் நின்றார்கள். அப்புறம்தான் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் 7.62 மில்லிமீட்டர் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி வந்தது.

ஓய்வு பெற்றபின் அவர் ஊரில் சிறிய தேயிலைத் தோட்டம் பார்த்தார். காட்டுப்பன்றியை விரட்ட 12 போர் (குழல் அளவு) துப்பாக்கிக்கு லைசென்ஸ் வைத்திருந்தார். வயதானதும் துப்பாக்கியையும் லைசென்ஸையும் முறைப்படி ஒப்படைத்துவிட்டார். அதற்கான ரசீது வீட்டில் பத்திரமாக இருந்தது. சம்பவம் நடப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார்.

கட்சிக்காரர் அவருடைய மகள். ஐம்பதைத் தாண்டிய பள்ளி ஆசிரியை. மகன் வேலை பார்க்கும் புனேவுக்கு விமானத்தில் கிளம்பினார். வீட்டில் இருந்ததிலேயே உறுதியான பை அப்பாவின் பச்சை கான்வாஸ் பைதான் என்று அதில் துணிகளை அடுக்கிக்கொண்டார். அந்தப் பை அதற்குமுன் விமானம் ஏறியதே இல்லை.

விமான நிலையத்தில்

எக்ஸ்ரேவில் பையின் அடிப்பகுதியில் ஒரு தோட்டாவின் உருவம் தெரிந்தது. பாதுகாப்புப் படையினர் பையைத் திறக்கச் சொன்னார்கள். துணிகளையெல்லாம் எடுத்தும் எதுவும் கிடைக்கவில்லை. மறுபடி எக்ஸ்ரே. உருவம் அங்கேயேதான் இருந்தது. கடைசியில் உள்துணிக்கும் கான்வாஸுக்கும் இடையே, தையல் விட்ட ஓர் இடுக்கில் விரலை விட்டு எடுத்தார்கள். ஒன்றே ஒன்று. கறுத்துப்போன பித்தளை. அடிப்பகுதியில் கே, எஃப் என்ற எழுத்துகளும் 43 என்ற எண்ணும் இருந்தன.

கே எஃப் என்றால் கிர்க்கி தொழிற்சாலை, அதாவது புனேவை ஒட்டிய இன்றைய கட்கி. 43 தயாரிப்பு ஆண்டு. அவர் போகவிருந்த ஊரிலேயே எண்பது ஆண்டுகளுக்கு முன் செய்த பொருள்.

அந்தப் பதற்றத்தில் அவர் சொன்ன வாக்கியம் வழக்கின் போக்கையே தீர்மானிக்கப் பார்த்தது: "அது எங்க அப்பாவோட பழைய தோட்டா சார், அதெல்லாம் வெடிக்காது." அவர்கள் அதை அப்படியே எழுதி, கையெழுத்து வாங்கி, உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்கள். அவர்கள் தரப்பில் தவறு எதுவும் இல்லை. நடைமுறை அதுதான்.

காவல் நிலையத்தில்: எந்தப் பிரிவு?

அவருடைய அண்ணன் என்னை அழைத்தபோது மதியம் இரண்டு மணி. நான் போய்ச் சேர்வதற்குள் அவரிடம் ஆளுக்கொரு சட்டம் சொல்லியிருந்தார்கள். மைத்துனர் ஒருவர், "ஒரே ஒரு தோட்டா, துப்பாக்கியே இல்ல, இதுல கேஸே நிக்காது" என்றார். இன்னொருவர், "ராணுவத்தில இருந்தவர் குடும்பம், அவங்களுக்கு விலக்கு உண்டு" என்றார். மூன்றாமவர், அப்பாவின் பழைய 12 போர் லைசென்ஸ் நகலைக் காட்டினால் போதும் என்றார். உதவி ஆய்வாளரோ, ராணுவத் தோட்டா என்றாலே தடை செய்யப்பட்டது, பதினான்கு ஆண்டு வரை போகும் என்று நம்பினார்.

நான்கும் சரியில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியாகத்தான் சொல்கிறது. துப்பாக்கி இல்லாமல் தோட்டா மட்டும் வைத்திருந்தாலும் உரிமம் வேண்டும். முன்னாள் படைவீரர் என்பதால் வீட்டில் தோட்டா வைத்துக்கொள்ளும் உரிமை எதுவும் வந்துவிடாது. 12 போர் லைசென்ஸ் 12 போர் தோட்டாவுக்குத்தான் செல்லும். அதுவும் லைசென்ஸ்காரர் உயிரோடு இருக்கும்வரைதான். அவர் இறந்துவிட்டால் வாரிசுகள் ஆயுதத்தையும் தோட்டாக்களையும் தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும் என்று 21ஆம் பிரிவு சொல்கிறது.

நான்காவது நம்பிக்கைதான் ஆபத்தானது. எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்துத்தான் அன்றிரவு அவர் வீட்டுக்குப் போவாரா, சிறைக்குப் போவாரா என்பது முடிவாகும். 2019 திருத்தத்துக்குப் பின், தடை செய்யப்பட்ட ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தால் 25(1ஏ) பிரிவின்படி தண்டனை ஏழு முதல் பதினான்கு ஆண்டு. சாதாரணத் தோட்டாவை உரிமமின்றி வைத்திருந்தால் 25(1பி)(ஏ) பிரிவின்படி இரண்டு முதல் ஐந்து ஆண்டு.

இங்கே இரண்டு சொற்கள் குழம்புகின்றன. 303, 7.62 துப்பாக்கிகளைப் பேச்சுவழக்கில் புரோஹிபிட்டட் போர், அதாவது தடை செய்யப்பட்ட அளவு, என்பார்கள். போர் என்றால் இங்கே துப்பாக்கிக் குழலின் விட்டம். ஆயுத விதிகளின் முதல் அட்டவணை 303, 7.62 ராணுவத் தோட்டாவைச் சுடக்கூடிய துப்பாக்கிகளைத் தனி வகையாக வைத்திருக்கிறது. பொதுமக்களுக்கு அவை எளிதில் கிடைக்காது. உரிமம் பெற்றவர்களுக்காக அரசுத் தொழிற்சாலைகள் 315 என்ற வேறு அளவில் துப்பாக்கி செய்து விற்றதற்கு இதுதான் காரணம். ஆனால் "தடை செய்யப்பட்ட தோட்டா" என்பதற்குச் சட்டத்திலேயே தனி வரையறை உண்டு: நச்சுத் திரவமோ வாயுவோ அடங்கியவை, ராக்கெட், வெடிகுண்டு, கையெறி குண்டு போன்றவை, அவற்றோடு மத்திய அரசு அறிவிக்கையில் குறிப்பிடுபவை. அட்டவணையிலும் இந்த வகை ஓர் உட்பிரிவு, 303 துப்பாக்கி வகை வேறோர் உட்பிரிவு. ராணுவம் பயன்படுத்தியது என்ற ஒரே காரணத்தால் ஒரு தோட்டா தானாகவே அந்த வரையறைக்குள் விழுந்துவிடுவதில்லை.

சட்டப் புத்தகத்தை மேசைமேல் வைத்து, வரையறையையும் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். ஆய்வாளர் பொறுமையாகப் படித்தார், மேலதிகாரியிடம் பேசினார், 25(1பி)(ஏ) என்று எஃப்.ஐ.ஆர். போட்டார். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது கட்டாயமல்ல, காரணம் இருந்தால்தான் என்று 2014இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. அழைக்கும்போது ஆஜராக வேண்டும் என்ற நோட்டீஸோடு இரவு எட்டரைக்கு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கிளம்பும் முன் இன்னொரு வேலை செய்தோம். சோதனை நடந்த இடத்தின் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுத்துமூலம் கேட்டோம். இப்படிப்பட்ட பதிவுகள் கொஞ்ச நாளில் மேலெழுதப்பட்டுவிடும். அந்தப் பதிவில் அவர் தானாகவே பையைத் திறந்து கொடுப்பதும், தோட்டா வெளியே வந்தபோது பின்னால் நகர்வதும் இருக்கும் என்று அவர் சொன்ன விவரத்திலிருந்து தெரிந்தது. வாய்மொழியை விட அது பேசும்.

வீட்டிலிருந்த தகர டப்பா

மறுநாள் காலை அண்ணன் அழைத்தார். அப்பாவின் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது, ஆட்டினால் சத்தம் வருகிறது, திறக்கவில்லை என்றார். சிறு வயதில் அப்பா அதிலிருந்து பித்தளை உறைகளை எடுத்துக் காட்டியது அவருக்கு நினைவிருந்தது.

வீட்டில் ஏற்கெனவே ஆலோசனை தொடங்கியிருந்தது. கிணற்றில் போடலாம் என்றார் ஒருவர். பித்தளைதானே, அடுப்பில் போட்டு உருக்கிவிடலாம் என்றார் இன்னொருவர். நெருப்பில் விழுந்த தோட்டா துப்பாக்கியிலிருந்து பாய்வதுபோலப் பாயும் என்று ஒரு பயம் உண்டு. அது உண்மையில்லை. குழல் இல்லாததால் குண்டுக்கு வேகம் ஏறாது. ஆனால் உறை வெடித்துப் பித்தளைத் துணுக்குகளும், மருந்தைப் பற்றவைக்க அடியில் வைத்திருக்கும் கேப்பும் சிதறும். கண் போக அது போதும். இதைவிடப் பெரிய சிக்கல், விசாரணை நடக்கும்போது அந்த டப்பாவை மறைப்பதே தனிக் குற்றம்.

எனக்கு இது எளிதான முடிவாக இருக்கவில்லை. டப்பாவில் இன்னொரு சுடப்படாத தோட்டா இருந்து, அதை நாமே காட்டிக்கொடுத்தால், "வீட்டில் தோட்டா இருப்பது குடும்பத்துக்குத் தெரியும்" என்ற வாதத்துக்கு நாமே வலு சேர்க்கிறோம். காட்டாமல் விட்டு, பின்னால் சோதனையில் கிடைத்தால், எல்லாம் போயிற்று. அதோடு அந்த வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். எண்ணிப் பார்த்ததில் அதுதான் கனமாக நின்றது. யாரும் தொட வேண்டாம், பெட்டி இருக்கும் அறையைப் பூட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, காவல் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்தோம். "தந்தையின் பொருள்கள் அடங்கிய டப்பா, உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது, தகுந்த ஆளை வைத்துத் திறக்கக் கோருகிறோம்" என்பதுதான் கடிதத்தின் சாரம்.

வெடிகுண்டு கண்டறியும் பிரிவிலிருந்து இருவர் வந்து திறந்தார்கள். சுட்டு முடித்த காலி உறைகள் நான்கு. சாவிக்கொத்து ஒன்று, அதில் வளையம் மாட்டிய ஒரு குண்டு, அதாவது தோட்டாவிலிருந்து பாயும் முனைப்பகுதி மட்டும். கடைசியாக, முழுத் தோட்டா போலவே இருந்த ஒன்று. வீட்டிலிருந்த எல்லோருக்கும் மூச்சு நின்றது. அதன் உடலில் நீளவாக்கில் பள்ளங்கள் வெட்டி, உள்ளே சிவப்புச் சாயம் பூசியிருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் துப்பாக்கியில் ஏற்றி இறக்கிப் பழகுவதற்கான பயிற்சித் தோட்டா அது. மருந்தும் கிடையாது, வெடிக்கும் கேப்பும் கிடையாது. வந்தவர் பார்த்த உடனே சொல்லிவிட்டார். வீட்டிலிருந்த யாராலும், என்னாலும், அதைச் சொல்லியிருக்க முடியாது.

காலி உறை வைத்திருப்பது குற்றமா? தோட்டாவின் பாகங்களும் "தோட்டா" என்ற சட்ட வரையறைக்குள் வருகின்றன. அதனால் வெறும் பித்தளைதானே என்று தள்ளிவிட முடியாது. ஆனால் 45(டி) பிரிவு ஒரு விலக்குத் தருகிறது. மற்றப் பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சில்லறைப் பாகங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நினைவுக்காக வைத்த நான்கு உறைகள் அதற்குள் வரும் என்று காவல்துறையும் ஏற்றுக்கொண்டது. டப்பாவுக்குத் தனி வழக்குப் போடவில்லை.

டம்டம் என்ற சொல் வந்த விதம்

சாவிக்கொத்தில்தான் புதிய தலைவலி. பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "முனையைத் தேய்ச்சிருக்கு பாருங்க, இது டம்டம், ஜெனிவா ஒப்பந்தத்தில தடை பண்ணினது" என்று உரக்கச் சொல்லிவிட்டார். கூட வந்த காவலர் அதைக் குறிப்பிலும் எழுதிக்கொண்டார். ஒரு சொல் கோப்புக்குள் ஏறினால் அதை இறக்குவது எவ்வளவு பாடு என்பது நீதிமன்றத்தில் நிற்பவர்களுக்குத் தெரியும். அதனால் இதற்கு மட்டும் மூன்று பக்க விளக்கம் கொடுத்தோம்.

டம்டம் என்பது கல்கத்தாவை ஒட்டிய ஊர். இன்றைக்கு அங்கே விமான நிலையம் இருக்கிறது. பிரிட்டிஷாரின் ஆயுதச்சாலை அங்கே இருந்தது. 303 குண்டு உடலைத் துளைத்துப் போய்விடுகிறது, ஆளை நிறுத்தவில்லை என்று வடமேற்கு எல்லைச் சண்டைகளிலிருந்து புகார் வந்ததால், 1890களில் அந்த ஆயுதச்சாலையில் முனையில் உலோக உறை இல்லாமல் ஈயம் தெரியும் குண்டு செய்தார்கள். உடலுக்குள் போனதும் அது விரிந்து பெரும் காயம் உண்டாக்கும். இப்படி விரியும் குண்டுகளைத் தடுத்தது ஜெனிவா அல்ல, 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம். அதுவும் அதில் கையெழுத்திட்ட நாடுகளின் படைகள் தமக்குள் போரிடும்போது பின்பற்ற வேண்டிய கட்டுப்பாடு. ஒரு குடிமகன் வீட்டில் என்ன வைத்திருக்கலாம் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. நம் நாட்டிலேயே உரிமம் பெற்றவர்களுக்கு முனை மென்மையான 315 தோட்டா விற்பனையாகியிருக்கிறது.

சரி, அந்தக் குண்டின் முனை ஏன் தேய்ந்திருந்தது? வளையம் மாட்டத் துளை போடுவதற்காக. துளை அங்கேயே இருந்தது. உள்ளே மருந்தில்லாத, உறையில்லாத வெறும் உலோகத் துண்டு. ஆய்வாளர் தன் கண்ணால் பார்த்து அந்தக் குறிப்பை அடித்தார்.

இதே பேச்சில் மைத்துனர் இன்னொன்றும் சொன்னார். எஸ்.எல்.ஆருக்குப் பின் ராணுவத்துக்கு வந்த இன்சாஸ் துப்பாக்கியின் 5.56 குண்டு எதிரியைக் காயப்படுத்துவதற்காக மட்டும் செய்யப்பட்டது, 303 கொல்வதற்காகச் செய்யப்பட்டது, அதனால்தான் சட்டம் 303 மேல் கடுமையாக இருக்கிறது என்று. படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். 5.56 தோட்டா ஏறத்தாழ 12 கிராம், 7.62 நேட்டோ தோட்டா ஏறத்தாழ 24 கிராம். அதே எடையில் இரு மடங்கு தோட்டாவைச் சுமக்கலாம், பின்னுதைப்பும் குறைவு. சிறிய குண்டுக்கு மாறியதன் காரணம் இதுதான். சட்டமும் எந்தக் குண்டு எவ்வளவு கொல்லும் என்று அளந்து பிரிவு போடுவதில்லை.

ஆய்வக அறிக்கை

பையில் கிடைத்த தோட்டா தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போனது. அறிக்கை வர மாதக்கணக்கானது. அதுவரை ஆசிரியைக்குப் பாஸ்போர்ட் புதுப்பிப்பு நின்றது, பள்ளியில் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் தூக்கமின்றித் தவித்ததை நான் பார்த்தேன்.

குடும்பம் முழுக்க ஒரே நம்பிக்கையில் இருந்தது: எண்பது வருடத் தோட்டா, செத்துப்போனது, அறிக்கை அப்படித்தான் வரும், வழக்கு முடிந்துவிடும். இந்த நம்பிக்கையை வைத்து எதையும் கட்டாதீர்கள் என்று சொல்லியிருந்தேன். அறிக்கை வந்தது. 303 துப்பாக்கியில் ஏற்றிச் சுட்டார்கள். வெடித்தது.

இதில் வியப்பில்லை. அந்தக் காலத்து 303 தோட்டாவில் இருப்பது கார்டைட் என்ற மருந்து. அதைச் செய்த அருவங்காட்டுத் தொழிற்சாலையை அறிந்த நீலகிரிக்காரர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. தூளாக இல்லாமல் சேமியா போல நீள இழைகளாக உறைக்குள் அடுக்கியிருப்பார்கள். உறையும் கேப்பும் ஈரம் புகாமல் இருந்தால் பல பத்தாண்டுகள் கெடாது. மலையில் உலர்ந்த டிரங்குப் பெட்டிக்குள் இருந்த பை அது. வெளியே கறுத்திருந்தது உள்ளே செத்ததற்கு அடையாளமல்ல. அந்தத் தோட்டாவுக்குமேல் துணி அடுக்கிக்கொண்டு, பேருந்தில் மலையிறங்கி வந்திருக்கிறார் அவர்.

உயர் நீதிமன்றத்தில்

அரசுத் தரப்பின் கையில் இப்போது இரண்டு விஷயங்கள்: வேலை செய்யும் தோட்டா, "அப்பாவோட பழைய தோட்டா, வெடிக்காது" என்ற கையெழுத்திட்ட வாக்கியம். வெடிக்காது என்று சொல்ல வேண்டுமானால் அது இருப்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

இரண்டு வழிகள் இருந்தன. மூன்றாம் பிரிவுக் குற்றத்துக்கு வழக்குத் தொடர மாவட்ட நடுவரின், அதாவது ஆட்சியரின், முன் அனுமதி வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 39ஆம் பிரிவு சொல்கிறது. அனுமதி கோரும் கட்டத்தில் ஆட்சியரிடம் முறையிடலாம். அல்லது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528ஆம் பிரிவின் கீழ் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றம் போகலாம். ஆட்சியர் வழியில் செலவு குறைவு, ஆனால் எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. பாஸ்போர்ட்டும் வேலையும் தொங்கிக்கொண்டிருந்ததால் உயர் நீதிமன்றத்தைத் தேர்ந்தோம்.

வாதத்தின் மையம் ஒன்றுதான். வைத்திருத்தல் என்றால் தெரிந்து வைத்திருத்தல். 1972இல் ஒரு மத்தியப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆயுதச் சட்டத்துக்கே இதைச் சொன்னது. 1994இல் சஞ்சய் தத் வழக்கில் அரசியல் சாசன அமர்வும் உறுதிப்படுத்தியது. விமானப் பயணியிடம் கிடைத்த ஒற்றைத் தோட்டாவை 45(டி) விலக்குக்குள் கொண்டுவந்த 2012 டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் காட்டினோம். ஆனால் முழுத் தோட்டா எப்படிப் பாகமாகும் என்ற கேள்வி அதில் இருக்கிறது. அதனால் அதை இரண்டாவது வாதமாகத்தான் வைத்தேன்.

தோட்டா கிடைத்த இடம் உள்துணிக்கு அடியில். பாதுகாப்புப் படையினருக்கே இரண்டு எக்ஸ்ரே தேவைப்பட்டது. கேமரா பதிவில் அவர் சொன்ன வாக்கியம் தோட்டாவைக் கையில் எடுத்துக் காட்டிய பிறகுதான் வருகிறது, அதற்குமுன் "என்ன சார், என்ன இருக்கு?" என்று மூன்று முறை கேட்கிறார். ஊகித்துச் சொன்னதை அறிந்து சொன்னதாகக் கொள்ள முடியாது என்று நீதிபதி கூறினார். டப்பாவைக் குடும்பமே எழுதிக்கொடுத்து ஒப்படைத்ததையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். எஃப்.ஐ.ஆர். ரத்தானது. நாங்கள் பயந்த கடிதம் நமக்குச் சாதகமாகவே நின்றது.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

என் தரப்புத் தவறு ஒன்று உண்டு. காவல் நிலையத்தில் இரண்டாவது வாக்குமூலம் எழுதியபோதே, "தோட்டாவைப் பார்த்த பிறகு, அப்பாவுடையதாக இருக்கலாம் என்று ஊகித்தேன்" என்று தெளிவாக எழுத வைத்திருக்க வேண்டும். அன்று பிரிவைப் பற்றிய கவலையிலேயே இருந்துவிட்டேன். கேமரா பதிவு கிடைக்காமல் போயிருந்தால் அந்த ஒரு வாக்கியம் அவரை விசாரணை நீதிமன்றம் வரை இழுத்திருக்கும்.

ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் தோட்டாவின் அடிப்பக்க எழுத்துகளை எங்கள் முன்னிலையில் படமெடுக்கக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.  தயாரிப்பு ஆண்டை நிறுவ, கைப்பற்றியபோது எழுதிய மகஜரில் இருந்ததையே நம்ப வேண்டியதாயிற்று.

குடும்பத்தின் பக்கம், 12 போர் துப்பாக்கியை ஒப்படைத்த அன்றே பெட்டி, பை, பழைய சீருடை, பெல்ட் பௌச் எல்லாவற்றையும் ஒருமுறை தட்டிப் பார்த்து, கிடைத்ததைக் கூடவே எழுதிக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. பெரியவர் மறைத்தார் என்று நான் நினைக்கவில்லை. அறுபது வருடத்துக்கு முன் பைக்குள் நழுவியதை அவரே மறந்திருப்பார். அவர் இறந்தபின் இரண்டு வருடம் அந்தப் பெட்டியைத் திறக்க யாருக்கும் மனம் வரவில்லை என்று அண்ணன் சொன்னார்.

இப்போது முன்னாள் படைவீரர் குடும்பங்கள் சொத்து விஷயமாக வரும்போது இந்தக் கேள்வியையும் கேட்கிறேன். இதுவரை இரண்டு வீடுகளில் ஏதோ ஒன்று கிடைத்தது. இரண்டையும் தொடாமல், எழுதிக்கொடுத்து, காவல்துறை வந்து எடுத்துப்போனது. வழக்கு எதுவும் வரவில்லை.

பச்சைப் பை நீதிமன்ற உத்தரவின் பேரில் திரும்பி வந்தது. பிரித்த தையலை ஆசிரியை மறுபடி தைக்கவில்லை. பயிற்சித் தோட்டாவையும் சாவிக்கொத்தையும் திரும்பக் கேட்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.